லேப்டாப்பில் எரிந்த விளக்கு

சண்முகசுந்தரம் லேப்டாப் வாங்கிய அன்று, அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டாம் என்று சகாயமேரிதான் தடுத்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் செய்கிற அவருடைய கம்பெனிக்கு வந்த எந்த மெஷினும் அதுவரை பொட்டு இல்லாமல் வேலையைத் தொடங்கியதில்லை.

"பொடி கீ சந்துல போயிட்டா அப்புறம் எடுக்க முடியாது சார்" என்றாள்.

அவர் யோசித்தார். பொட்டுக்குப் பதிலாக, விற்ற கடைக்காரரிடம் சொல்லி முருகன் படத்தையும் அதன் முன்னால் ஒரு குத்துவிளக்கையும் திரையில் வைத்துக்கொண்டார். சற்று நேரம் யாரும் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு தானாக வந்துவிடும். சுடர் காற்றில் ஆடுவதுபோல் ஆடும். எந்தக் காரணத்தாலும் அது அணையக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்ல, கடைக்காரரும் அப்படியே செய்து கொடுத்துவிட்டுப் போனார். தொண்ணூற்றெட்டாம் வருடம் அது. எஸ்டேட்டில் அவர்கள் தெருவில் வேறு யாரிடமும் லேப்டாப் இல்லை.

மேரி அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். மாலை வகுப்பில் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டு, இப்போது கம்பெனியின் வரைபடங்கள் எல்லாவற்றையும் அவளே போட்டாள். ஆனால் அவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் வாடிக்கையாளர்கள் முன்னால் பேசுகிறவர் விற்பனை மேனேஜர் கங்காதரன். அவர் திரும்பி வந்து, அங்கே என்ன கேட்டார்கள் என்று சொல்லும்போதெல்லாம், தான் இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மேரி மனதுக்குள் பேசிப் பார்ப்பாள். இந்தத் தடவை ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் புது சீல் ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது.

"லேப்டாப்புல காட்டுறதுன்னா நீயே வந்து பேசும்மா" என்றார் சண்முகசுந்தரம். "ஆனா ஒண்ணு. அங்க வெளியாள் சாமானை அவங்க பிளக்குல சொருக விடமாட்டாங்க. நடுவுல நின்னுபோச்சுன்னா மானம் போயிடும். பேட்டரி தாங்கும்னு நீ சொன்னா நீ. இல்லேன்னா வழக்கம்போல கங்காதரன் காகிதத்தைச் சுருட்டிக்கிட்டுப் போகட்டும்."

காலையில் ஓட விட்டுப் பார்த்தபோது பேட்டரி தாங்கவில்லை. சாப்பாட்டு இடைவேளைக்குள் கீச்சிட்டு அணைந்துபோயிற்று. முதலில் மேரி உத்தமனைப் பிடித்தாள். வேன் ஓட்டுவதும் ஸ்டோர் பார்ப்பதும் அவன்தான். சாயங்காலம் கதவைப் பூட்டும்போது எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போவது அவன் வழக்கம்.

"இதை மட்டும் உட்டுடு அண்ணாத்தே. முழுசா சார்ஜ் ஏறணும்."

"இன்னா மேரிம்மா, ஃபேன் பிளக்கையே புடுங்கச் சொல்ற மொதலாளி, இது மட்டும் ரா பூரா கரண்டு குடிச்சிகினு இருந்தா சும்மா உடுவாரா?"

"அவர்கிட்ட கேட்டுட்டேன். உட்டுடு."

முழுதாக ஏறியது. திரையின் வெளிச்சத்தையும் கண்ணுக்குப் போதுமான அளவு குறைத்தாள். மறுநாள் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. ஆனால் ஒரு கூட்டத்துக்குப் போதாது. அங்கே காட்டுவது கொஞ்ச நேரம், அவர்கள் தங்களுக்குள் விவாதிப்பதுதான் அதிக நேரம் என்று கங்காதரன் சொல்லியிருந்தார்.

அன்று டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தவள் லேப்டாப்பைத் தூக்கியபோது அடிப்பக்கம் சுட்டது. யாரும் தொடவே இல்லை. திரையில் முருகன் இருந்தார், விளக்கு ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் தூங்க வேண்டிய பெட்டி, விளக்கு அணையக் கூடாது என்பதற்காகக் கண் விழித்துக் கிடந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது? 'உங்கள் சாமியை அணைத்துவிடுங்கள்' என்று, அதுவும் தான் போய்ச் சொல்வதா?

"சொல்லித்தான் பாரேன்" என்று உத்தமன் சிரித்தான். "ஒன்னை வேலைய உட்டுத் தூக்கமாட்டாரு. மூஞ்ச தூக்கிகினு இருப்பாரு, அவ்ளோதான். அடுத்த ஆயுத பூஜை வரைக்கும்."

முத்தாபுதுப்பேட்டையில் அவள் வீட்டுச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம். அதன் கீழே சிவப்பு ஜீரோ வாட் பல்பு ஒன்று எந்நேரமும் எரியும். அவள் புருஷன் அந்தோணிராஜ் அதைக் காட்டிக் கேட்டான்.

"இதை ஆஃப் பண்ணுன்னு யாராவது சொன்னா நீ சும்மா இருப்பியா?"

"இருக்கமாட்டேன்."

"அப்புறம்?"

"கரண்டு போனா அதுவும்தான் போவுது. அதுக்காக யாரு அழுதா?"

சொல்லிவிட்டு அவள் பக்கத்து வீட்டுப் பார்வதத்தை நினைத்தாள். ஒரு தடவை அவசரமாக ஊருக்குக் கிளம்பியபோது பார்வதம் சாவியைக் கொடுத்து, சாமி அறையில் விளக்கு எரிகிறது, கொஞ்ச நேரம் கழித்து அமர்த்திவிடு, வாயால் மட்டும் ஊதிவிடாதே, ஒரு பூவால் திரியை உள்ளே இழுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். மேரியும் அப்படியே செய்தாள். எண்ணெயில் அமிழ்ந்த சாமந்திப் பூவின் வாசனைகூட அவளுக்கு நினைவிருந்தது.

மறுநாள் காலை சண்முகசுந்தரத்தின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்க வீட்டுல சாமி விளக்கு நாள் முழுக்க எரியுமா?"

"அது எப்படி? காலையில ஏத்துவாங்க, சாயங்காலம் ஏத்துவாங்க. கொஞ்ச நேரம் எரிஞ்சதும் மலையேத்திடுவா எங்க வீட்டம்மா. ஏன்?"

"நம்ம லேப்டாப்புல ஏத்துன விளக்கை இன்னும் யாரும் மலையேத்தல சார். அதான் எண்ணெய் தீர்ந்து போவுது."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைப் பார்த்தார். கதவோரம் நின்ற உத்தமன் வெளியே போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றான்.

"மலையேத்துனா மறுபடி ஏத்தலாமில்ல?"

"எப்ப வேணாலும் ஏத்தலாம் சார்."

அவர் எழுந்து போய், சுவரில் இருந்த படத்து மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி வந்தார். திரையில் ஆடிக்கொண்டிருந்த சுடரின் மேல் அதை மெல்ல வைத்து எடுத்தார். "இப்ப செய்" என்றார். மேரி இரண்டு மூன்று இடங்களில் மாற்றினாள். காத்திருந்தார்கள். திரை தானாகக் கறுத்தது. உறுமல் நின்றது. அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

ஆவடியில் கூட்டம் கங்காதரன் சொன்னபடியே நடந்தது. மேரி ஒவ்வொரு படமாகக் காட்டி, இந்த சீலின் உதடு போன்ற ஓரம் ஏன் இவ்வளவு மெல்லியது, வெயிலில் நின்ற வண்டியில் அது எப்படி விரியும் என்று சொன்னாள். அதிகாரிகள் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள். டீ வந்தது. வாதம் நீண்டது. திரை கறுத்துப்போயிற்று.

"உங்க மெஷின் போயிடுச்சே" என்றார் மூத்த அதிகாரி.

சண்முகசுந்தரம் கையில் இருந்த டீயைக் குடிக்காமல் பிடித்திருந்தார். மேரி ஒரு விரலால் தொட்டாள். உள்ளே உறுமல் எழுந்தது. விட்ட இடத்திலேயே வரைபடம் வந்து நின்றது.

"கண்ணை மூடிக்கிச்சு சார், தூங்கல" என்றாள்.

அதிகாரி சிரித்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் படத்திலிருந்து மறுபடி கேட்கத் தொடங்கினார். இந்தத் தடவை கேள்விகளை அவளைப் பார்த்தே கேட்டார். கடைசியில், மாதிரிக்குக் கொஞ்சம் சீல் செய்து அனுப்புங்கள், ஏதாவது சந்தேகம் வந்தால் இந்த அம்மாவுக்கே போன் பண்ணுகிறோம் என்றார்.

வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திருமுல்லைவாயில் தாண்டியதும் சண்முகசுந்தரம் பின்னால் திரும்பினார்.

"மிச்சம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு சார்."

"ஏத்தேன்."

மேரி மடியில் வைத்துத் திறந்து, மாற்றியதை எல்லாம் பழையபடி ஆக்கினாள். முருகன் வந்தார், சுடர் ஆடியது. வேன் குலுங்கும்போதெல்லாம் நிஜமாகவே காற்று பட்டதுபோல் இருந்தது.

"பார்த்து மொதலாளி, தீ கீ புடிச்சிக்கப் போவுது" என்றான் உத்தமன், கண்ணாடியில் பார்த்தபடி.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுடா."

அம்பத்தூர் வரும்போது லேப்டாப் கீச்சிட்டது. இரண்டாம் முறை கீச்சிட்டு அணைந்தது. சண்முகசுந்தரம் தலையை ஆட்டிக்கொண்டார். "எண்ணெய் தீர்ந்துச்சு" என்றார். "வியாழக்கிழமை பூந்தமல்லி பார்ட்டிகிட்டயும் நீயே போய்ப் பேசிட்டு வந்துடு."

எஸ்டேட்டுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே உத்தமன் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போய்ச் சார்ஜில் போட்டான்.