இறங்கினால்தான்

கடையில் மின்சாரம் போனதும் தையல்காரிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பாதி பிரித்த கால்சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பினாள். குடியிருப்பின் வாசலில் கீழ்வீட்டு அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வரும் மகளை, இவள் வரும்வரை பார்த்துக்கொள்வது அந்த அக்காதான்.

"உன் வாலு மாடிப்படியில ஏறி எறங்கிட்டிருக்கா. தெனமும் இதே வேலைதான். ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்காம விடமாட்டா போல."

தையல்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை. எட்டு வயது வாலுவுக்குச் சர்க்கரை நோய். குழந்தையிலேயே வந்து, ஊசி இல்லாமல் ஒரு நாள்கூடத் தாங்கவிடாத வகை. தையல்காரியின் அண்ணனுக்கும் அதேதான் இருந்தது. கண்டதையும் தின்றான். கண் போயிற்று, சிறுநீரகம் போயிற்று, கல்யாண வயதில் ஆளே போய்விட்டான். அதனால் மகளுக்கென்று தெரிந்த வாரமே சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பழம் எல்லாவற்றையும் வீட்டைவிட்டுத் துரத்தினாள். முட்டை, பாலாடைக்கட்டி, கீரை, துருவிச் 'சோறு' என்று பெயர் வைத்த காலிபிளவர், இவ்வளவுதான் சாப்பாடு. "வளர்ற பிள்ளைம்மா, இவ்வளவு கொறைக்காதீங்க, ஊசியை அதுக்கேத்த மாதிரி போட்டுக்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது, உங்கள் வீட்டில் யாருக்குக் கண் போயிற்று என்று மனதுக்குள் கேட்டாள். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண்கள் அவள் போடும் தையலைப் போல ஒரே நேராக வந்தன. அதற்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியுமா?

ஆனால் கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. அவள் வந்து சேரும்போது பிள்ளை வியர்த்து, உதடு வெளுத்து நிற்பாள். அப்போது கொடுப்பதற்கென்றே குளிர்பெட்டியில் ஆரஞ்சு ஜூஸ் டப்பாக்கள் இருந்தன. அந்த வீட்டில் இனிப்பு என்று இருந்தது அது ஒன்றுதான். ஊசியின் அளவைக் குறைத்தும் நிற்கவில்லை. காரணம் அவளுக்குப் புரியவில்லை.

சத்தமில்லாமல் படியேறினாள். திருப்பத்தில் வாலு உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க, விரலில் குத்தி, மீட்டரைப் பார்த்தாள். முகம் வாடியது. "இன்னும் எறங்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஓடத் திரும்பியவள் அம்மாவின் மேல் மோதினாள்.

"என்னடி பண்ற?"

வாலு மீட்டரைப் பைக்குள் திணித்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எறங்கினாதானேம்மா நீ ஜூஸ் குடுப்ப?"

அடிக்க ஓங்கிய கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டது. வீட்டுக்குள் போவதற்குள், ஓடிய ஓட்டத்தில் சர்க்கரை இறங்கி, பிள்ளையின் உடம்பு நடுங்கத் தொடங்கிவிட்டது. கொடுக்காமல் இருக்க முடியுமா? வாலு டப்பாவை வாங்கி, கண்ணை மூடி உறிஞ்சினாள். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் தையல்காரி பார்த்ததேயில்லை. பக்கத்திலேயே நின்றும், பிழைத்துவிட்டாளே என்ற நிம்மதியில் இத்தனை நாளும் கவனிக்கவில்லையோ என்னவோ. அண்ணன் தின்று செத்தான். இவளை நான் ஏங்க வைத்தே கொன்றுவிடுவேன் போலிருக்கிறதே என்று நினைத்தாள். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. டாக்டருக்குப் போன் பண்ணி, ஊசிக் கணக்கைக் கேட்டுக்கொண்டு, கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கிவந்தாள். பள்ளி விட்டு வந்த மகள் முன்னால் தட்டில் ஒன்றை வைக்கும்போது அண்ணனின் முகம் வந்து வந்து போயிற்று.

"சாப்பிடுடா கண்ணு. டாக்டர் சரின்னுட்டாரு. ஊசி போட்டுக்கலாம்."

வாலுவின் கை தட்டை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு எறங்கலையேம்மா."

"எறங்க வேணாம்டா. சும்மாவே சாப்பிடலாம்."

அம்மாவை நம்பாமல் பார்த்தாள். பிஸ்கட்டைப் பார்த்தாள்.

"எடுத்து வெச்சுடாதம்மா. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து ஷூவை மாட்டத் தொடங்கினாள்.