தலைக்கணக்கில் வராதவள்

விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று அந்தக் கட்டடத்தில் எவரும் கேட்பதில்லை. எங்கும் எழுதி ஒட்டப்படாத அந்த விதியை ஆறு குடும்பங்களும் பிசகாமல் காத்துவந்தன. அதற்குக் காரணம் பண்பு மட்டுமல்ல. ஆறு வீட்டுக்கும் சேர்த்து வாசலில் இருந்தது ஒரே மீட்டர். அது காட்டும் தண்ணீருக்கு ஒரு கட்டணம். உள்ளே வந்த தண்ணீரில் பெரும்பங்கு சாக்கடைக்குத்தான் போயிருக்கும் என்று குடிநீர் வாரிய அலுவலகம் தானாகவே அனுமானித்துக்கொண்டு, கழிவுநீருக்கென்று இன்னொரு கட்டணம். இரண்டையும் கூட்டி, கட்டடத்தில் வாழும் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு வீடும் தன் தலைகளுக்கான பங்கைக் கொடுத்தது. விருந்தாளி தலைக்கணக்கில் சேர மாட்டார். நாளை தன் வீட்டுக்கும் ஆள் வரலாம் என்பதால் எல்லோரும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

இரண்டாம் மாடி வீட்டின் மகள், கணவன் வீட்டை விட்டு வந்தது சென்ற மழைக்காலத்தில். இப்போது அடுத்த மழை பெய்துகொண்டிருந்தது. அவள் இன்னும் விருந்தாளிதான். தம்பியும் அவன் மனைவியும் ஓர் அறையில், பெற்றோர் மற்றொன்றில், இவள் கூடத்தில். துணிமணிகள் இன்றுவரை பெட்டியில்தான் இருந்தன. அலமாரியில் ஒரு தட்டு ஒழித்துத் தரும்படி கேட்கும்போதெல்லாம் அம்மா வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். பழைய குழாய், சற்று வேகமாகத் திறந்தால் கட்டடம் முழுக்க முனகும். நாலு பேர் குளித்து முடித்தபின் எழும் ஐந்தாவது முனகல் யாருடையது என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

அம்மா குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“மெதுவாத் திறடி, பைப்பு கத்துது. கீழ கணக்குப் போட நிக்கிறாங்க.”

“கத்தட்டுமே. நான் குளிக்கிறது யாருக்கும்மா தெரியாது?”

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். நம்ம வாயால சொல்லலையே.”

“என் பங்கை நான்தான் தரேங்கிறேனே. சம்பளம் வாங்கலையா நானு?”

“காசா இப்பப் பிரச்சினை? இன்னொரு தலைன்னு சொல்லிட்டா, நீ திரும்பிப் போக மாட்டேன்னு நாமளே ஊருக்கு டமாரம் அடிச்ச மாதிரி.”

“போக மாட்டேன்னு உங்கிட்ட எத்தனை தடவைம்மா சொல்றது?”

“எங்கிட்ட சொன்ன இல்ல, அதோட வை.”

அவள் குழாயை மூடினாள். தலையில் நுரை அப்படியே இருந்தது. கோபத்தில் எதையாவது எறியலாமென்றால், கைக்கு அகப்பட்டது ஒரு பிளாஸ்டிக் குவளை. அதையும் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். தன் கை தானாகவே அவ்வளவு பழகிவிட்டதை நினைக்கத்தான் அவளுக்கு எரிச்சல் பொங்கியது.

குளியலறைச் சன்னலுக்கு நேர்கீழே மீட்டர். அதன் பக்கத்துச் சுவரில், தரைத்தள வீட்டுத் தையற்காரர் துணி வெட்டும் சாக்குக்கட்டியால் வீடுவாரியாகத் தலைகளை எழுதிக்கொண்டிருந்தார். கட்டணம் என்றுமில்லாதபடி ஏறியிருந்தது. குரல்களும் ஏறியிருந்தன.

“மழைத் தண்ணியும்தான் சாக்கடையில போகுது. அதுக்கும் நம்ம தலையிலதான் கட்டுவானுங்களா?” என்றார் அப்பா.

“அவங்க கண்டாங்களா, எது மழை, எது நீங்க கொப்பளிச்ச தண்ணின்னு? அடுத்து! டிரைவர் வீடு எத்தனை?” என்றார் தையற்காரர்.

“ரெண்டு” என்றான், போன மாதம் குடிவந்த லாரி டிரைவர்.

“மூணு. குழந்தையை விட்டுட்டியே தம்பி.”

“பச்சக் குழந்தைண்ணே! இன்னும் தலையே நிக்கல, அதுக்குத் தலைக்கணக்கா? அது குடிக்கிறது பாலு.”

“அது பால் குடிக்குது, அதோட துணி தண்ணி குடிக்குதே. பிறந்தது இங்க, இருக்கப்போறது இங்க. அப்ப அதுவும் ஒரு தலைதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் தோற்றவனாகத் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். சுவரில் மூன்று விழுந்தது.

“ரெண்டாம் மாடி?”

“நாலு” என்றார் அப்பா.

எவரும் மேலே பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க ஆறு வீட்டாரும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்ட சிரமத்தை, அவள் சன்னல் கம்பிகளின் இடுக்கு வழியே கண்டாள். தையற்காரர் நாலு என்று எழுதி, அடியில் கோடிழுத்தார்.

கைக்குக் கிடைத்த உடையை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள். காதோரம் நுரை வழிந்தது. “ஏய், தலையைத் துவட்டுடி!” என்று பின்னாலேயே வந்த அம்மாவின் குரல் முதல் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டது.

“அந்த நாலை அழிங்கண்ணே. அஞ்சு.”

தையற்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மீட்டரைப் பார்த்தார்.

“உள்ள போம்மா. விருந்தாளிக்கெல்லாம் இங்க கணக்கு கிடையாது” என்றார், மிக மெல்ல.

“அப்ப கேளுங்கப்பா, எப்பக் கிளம்புறேன்னு. அண்ணே, நீங்களாவது கேளுங்க. டிரைவர் தம்பி, நீங்க புதுசுதானே, நீங்க கேளுங்க.”

டிரைவர் வாயைத் திறந்து, தையற்காரரின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டான்.

“ஒருத்தரும் கேக்க மாட்டீங்க இல்ல? சரி, நானே கேட்டுக்கறேன்.” அவள் தையற்காரரின் விரல்களிலிருந்து சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டாள். ஈர உள்ளங்கையால் நாலைத் துடைத்தாள். கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: “ரெண்டாம் மாடிக்கு வந்த விருந்தாளி எப்பம்மா கிளம்புறா? கிளம்பல! இங்கதான் இருக்கப்போறா!”