இரண்டாம் பக்கம் யார் திருப்புவது?

மூன்று வாரமாக எங்கள் ஊமத்தம்பூ ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். ஊமத்தம்பூ என்பது கோயம்புத்தூர் பீளமேட்டுப் பையன்கள் நாலு பேர் ஆரம்பித்த ராக் பேண்டு. பையன்கள் என்கிறேன், எல்லாருக்கும் நரைத்துவிட்டது. ஆறு வருஷம் கழித்து ‘மூணாம் ஷிப்ட்’ என்று புது ஆல்பம் போட்டிருக்கிறார்கள். டிரம்ஸ் பிரமாதம் என்கிறான் ஒருவன். பாடுகிறவனுக்குத் தொண்டை போய்விட்டது என்கிறான் இன்னொருவன். பொள்ளாச்சியில் டாக்டராக இருக்கும் இளவேனில் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்: ‘ராஜு அண்ணா வாயே தொறக்கலியே, உடம்புக்கு ஏதாச்சுங்களா?’

அந்த ராஜு அண்ணா நான்தான். வரதராஜுலு. ஒரு பாட்டைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ‘ரெக்கார்டுத் தட்டு வரட்டும் அம்மணி’ என்று மட்டும் போட்டேன்.

எனக்கும் என் சிநேகிதன் யாகூப்புக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. புது ஆல்பத்தைப் போனில் கேட்கக் கூடாது. ரெக்கார்டில்தான், அதுவும் சேர்ந்து உட்கார்ந்துதான். தட்டு வாங்குவது நான். பிளேயர் அவனுடையது. உக்கடத்தில் அவனுடைய பழைய இரும்புக் கடைக்கு எடைக்கு வந்ததை எடுத்துவைத்து அவனே சரிசெய்தது. ஊசி வைப்பது அவன். பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கித் தட்டைத் திருப்புவது நான். இருபது வருஷம் இப்படித்தான் ஓடியது. கிணத்துக்கடவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன், ஒண்டிக்கட்டை. எனக்கென்று ஒரு பிளேயர் வாங்க முடியாதா என்ன? வாங்கிவிட்டால் அவன் வீட்டுக்குப் போகக் காரணம் இருக்காதே என்றுதான் வாங்கவில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தது என் நாக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், போன ஆல்பத்தில் பேஸ் கிட்டார் தண்டம் என்று குழுவில் எழுதினேன். அதுதான் ஆல்பத்துக்கே உயிர் என்றான் யாகூப். பேச்சு வளர்ந்தது. ‘பழைய இரும்பு எடை போடறவனுக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்?’ என்று நாற்பது பேர் முன்னால் எழுதிவிட்டேன். அவன் உடனே குழுவை விட்டுப் போய்விட்டான். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்டேனா? புதுத் தட்டு என்னிடம்தானே வரும், பாட்டுக் கேட்க வேண்டுமானால் அவனே கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். சனியன் பிடித்த வீம்பு!

சனிக்கிழமை கூரியரில் தட்டு வந்தது. முன்பதிவு செய்த முந்நூறு பேரின் பெயரையும் உள் உறையில் அச்சடித்திருந்தார்கள், பதிவு செய்த வரிசையிலேயே. என் பெயர் பதினெட்டாவது. சந்தோஷம் ஒரு நொடிதான். பதினேழாவதாக ‘யாகூப், உக்கடம்’ என்று இருந்தது.

ஆக, முன்பதிவு திறந்த அன்று அவனும் என்னைப் போலவே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இனி பிளேயரும் அவனிடம், தட்டும் அவனிடம். அவன் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறான்? ஐம்பது வயதில் ஒரு பாட்டுத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு உக்கடம் பஸ் ஏறிவிட்டேன். சந்துக்குள் நுழையும்வரை தைரியமாகத்தான் இருந்தேன். அவன் வீட்டு மாடிப்படியைப் பார்த்ததும் அது போய்விட்டது. எதிரே ஷாஹுலின் டீக்கடையில் ஒதுங்கினேன்.

“ஏனுங்ண்ணா, ஆளையே காணமே? யாகூப் பாய் மேலதான் இருக்காருங்க, போங்க.”

“போறன் ஷாஹுலு. ஒரு டீ குடு, குடிச்சுப்போட்டுப் போறன்.”

டீ கைக்கு வருவதற்குள் மாடி ஜன்னலிலிருந்து பாட்டு வந்தது. தெரிந்த குரல், கேட்காத பாட்டு. ‘மூணாம் ஷிப்ட்’. கிளாசைப் பிடித்தபடி சுவரோரம் நின்று, முதல் பக்கத்து அஞ்சு பாட்டையும் தெருவில் வைத்தே கேட்டேன். பேஸ் கிட்டார் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. அதுதான் உயிர். அன்றைக்கும் அவன் சொன்னதுதான் சரி. பக்கத்தில் திரும்பி இதைச் சொல்ல எனக்கு ஆளில்லை.

பக்கம் முடிந்தது. அந்தப் பிளேயர் பழசு, தானாக நிற்காது. கர்ர்... டக், கர்ர்... டக் என்று ஊசி ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருந்தது.

“நாலு நாளா இதே கூத்துங்ண்ணா,” என்றான் ஷாஹுல். “இந்த அஞ்சு பாட்டு, அப்பறம் அரை மணி நேரம் இந்தச் சத்தம். அந்தப் பக்கத்தப் போடறதே இல்லீங்க. கெட்டுப்போச்சுங்களா?”

கெட்டுப்போகவில்லை. திருப்புவது அவன் வேலை இல்லை.

கர்ர்... டக். நல்ல ஊசி வீணாகத் தேய்கிறது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“யாகூப்பு! ஊசி தேயுதுடா, தூக்கு!”

சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஜன்னலில் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

“நானு பழைய இரும்பு எடை போடறவனுங்க. எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்?”

என்னிடம் பேசும்போது அவன் போட்ட அந்த ‘ங்க’, செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கிளாசைக் கீழே வைத்தேன். நாற்பது பேர் பார்க்க எழுதியவன், தெரு பார்க்கத்தான் சொல்ல வேண்டும்.

“நான் எழுதுனது தப்பு யாகூப்பு. வாய்க்கொழுப்பு. ரெண்டு வருசமாச் சொல்லத் துப்பில்லாம இருந்துபோட்டேன். பேஸ் கிட்டாருதான்டா உயிரு!”

ஷாஹுல் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். மேலே ஊசி உரசிக்கொண்டே இருந்தது. போய்விடலாமா என்று மஞ்சப்பையைக் கையில் எடுத்தேன். அப்போது மாடிக் கதவின் தாழ்ப்பாள் விலகியது.

“அங்க நின்னு என்னத்தக் கத்தற?” என்றான் யாகூப். “மேல வந்து திருப்பு.”