பதில் சொன்னவர்

மனைவியின் கைப்பேசி அடித்தால் கணவர்தான் பாய்ந்து எடுப்பார். முகத்தில் சோப்பு நுரை இருந்தாலும் சரி.

“அவளால பேச முடியாதுங்க. என்கிட்ட சொல்லுங்க.”

அவள் கார் ஓட்டக் கற்றுத் தருபவள். ‘பிரேக்!’ என்று அவள் போடும் சத்தத்தில், தெருவில் சும்மா போகிற சைக்கிள்கூட நின்றுவிடும். படிக்க வந்தவர்கள் வைத்த பெயரே பிரேக்கம்மா. மூன்று மாதத்துக்கு முன்பு கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தபோது, குரல் நாணை அசைக்கும் நரம்பு அடிபட்டுவிட்டது. அதன் பிறகு காற்று கலந்த கிசுகிசுப்புதான் மிச்சம். குடிக்கிற தண்ணீரும் சில நேரம் மூச்சுக்குழல் பக்கம் திரும்பி அவளைத் திணறடித்தது.

கணவர் பாசக்காரர். கடைக்காரருக்கும் அவரே பதில், சொந்தக்காரர்களுக்கும் அவரே பதில். அவள் ஒரு வார்த்தையை இழுத்து வெளியே கொண்டுவருவதற்குள், அவர் பேச்சையே முடித்துவிடுவார். நாளாக நாளாக அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

ஒரு நாள் மருத்துவமனைக்குக் குரல் பயிற்சிக்காகப் போனார்கள். பேசவும் விழுங்கவும் பழக்கித் தரும் பெண் கேட்டாள்: “அக்கா, தண்ணி எப்படி இறங்குது? புரையேறுதா?”

“இல்லவே இல்ல மேடம். நாலு நாளா ஒரு இருமல் கிடையாது,” என்றார் கணவர்.

மனைவி அவர் கையை அழுத்தினாள்.

“நீ சிரமப்படாதம்மா, நான்தான் சொல்றேன்ல.”

பயிற்சியாளர் நிமிர்ந்து பார்த்தாள். மனைவியின் உதடுகள் வறண்டு வெடித்திருந்தன.

“சார், நான் அக்காவைத்தான் கேட்டேன். எவ்வளவு நேரமானாலும் அவங்களே சொல்லட்டும்.”

கணவருக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“குடிச்சாத்தானே... இருமுறதுக்கு,” என்றாள் அவள். மூச்சு வாங்கியது. “பயமா இருக்கு. நாலு நாளா... ஒரு வேளைக்கு ரெண்டு வாய்க்கு மேல குடிக்கல.”

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொல்ல... விட்டீங்களா?”



தண்ணீர் மெதுவாக இறங்கும்படி பயிற்சியாளர் அதில் ஒரு பவுடரைக் கலக்கிக் கெட்டியாக்கினாள். “தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்குங்க. ஒரு சின்ன வாய். விழுங்கிட்டு, வெறும் வாயோட இன்னொரு தடவை விழுங்குங்க.”

ஒரு டம்ளர் காலியாகக் கால் மணி நேரம் ஆனது. ஒரு முறைகூடப் புரையேறவில்லை.

கணவர் ஏதோ கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, மனைவியைப் பார்த்தார்.

“குரல்... வருமா?” என்று அவளே கேட்டாள்.

“தேற வாய்ப்பு இருக்கு அக்கா. ஆனா இங்க பழகினா மட்டும் போதாது. வீட்லயும் பேசணும்.”

போகிற வழியில் அந்தப் பவுடர் வாங்க மருந்துக் கடையில் நின்றார்கள். கடைக்காரர் கணவரைப் பார்த்துக் கேட்டார்: “அம்மாவுக்கு என்ன வேணும்?”

“அவங்களையே கேளுங்க.”

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினாள். பின்னால் நின்றவர் சலித்துக்கொண்டு, “சார், நீங்களே சொல்லிடக் கூடாதா? நேரமாகுதுல்ல?” என்றார்.

கணவர் திரும்பினார்.

“இத்தனை நாள் நான்தாங்க சொல்லிட்டிருந்தேன். தாகத்துல அவ வாடினதுகூட எனக்குத் தெரியாமப் போச்சு. இவளுக்குக் குரல்தான் போச்சு, அறிவு போகல. பேச முடியாதவங்களுக்காக நாம பேசுறது உதவி இல்லைங்க. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையா நிக்கிறதுதான் உதவி.”