பத்து எண்ணும் வரை

1978இல் மெட்ராஸில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் காஞ்சிபுரம் திரும்பினேன். படித்தேன் என்றால், கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை அட்டைகளில் ஓட்டைகளாகப் போட்டு ஒரு ஜன்னல் வழியாக நீட்டுவேன். மறுநாள் அதே ஜன்னலில் ‘தப்பு’ என்று திரும்பி வரும். கம்ப்யூட்டரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஊரில் என் பேச்சைக் கேட்டவர்கள் அதை நான்தான் பெற்று வளர்த்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கே நூலகத்தில் ஓர் அமெரிக்கக் கட்டுரையைப் படித்தேன். ஒரே கட்டடத்தில் இருக்கும் பல கம்ப்யூட்டர்களை ஒற்றைக் கம்பியில் கோத்துப் பேசவைக்கிறார்களாம். ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். எதன் பெயர் சொல்லி வருகிறதோ அது மட்டும் எடுத்துக்கொள்ளும். பேசுமுன் கம்பி சும்மா இருக்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். இரண்டு ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், இரண்டும் நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்து மறுபடி தொடங்க வேண்டும். எவ்வளவு நேரம்? அது ஒவ்வொன்றின் இஷ்டம், ஆளுக்கொரு அளவு என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு படித்தவர்களுக்கு ஒழுங்கு தெரியவில்லையே!

மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் மூன்று பழைய ராணுவ டெலிபோன்களை வாங்கி வந்து எங்கள் வீடு, எங்களுக்கு நெய்யும் குமாரவேல் அண்ணனின் தறிக்கூடம், தணிகாசலம் அண்ணனின் சாயப்பட்டறை மூன்றையும் ஒரே கம்பியில் இணைத்தேன். கட்டுரையின் குறையையும் திருத்தினேன். மோதினால் எல்லோரும் சமமாகப் பத்து எண்ண வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

எனக்கும் அத்தை மகள் வடிவாம்பாளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் அத்தையோடு வந்தவள், பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள்.

“மாமா, கல்யாணத்துக்கு எனக்கு அரக்குப் புடவை வேணாம். மூணு அக்காளுங்களும் அரக்குதான் கட்டினாங்க. நான் கேட்டு யாரும் எதுவும் வாங்கித் தந்ததில்ல. இது ஒண்ணாவது கிளிப்பச்சையா இருக்கட்டும்.”

அவள் கண் கலங்கியிருந்தது. புடவைக்கான பட்டு நூல் அன்று காலைதான் பட்டறைக்குப் போயிருந்தது. பதினோரு மணிக்கு அரக்குச் சாயத்தில் இறக்கிவிடுவார்கள். அப்போது மணி பத்தே முக்கால். பட்டறை இரண்டு தெரு தள்ளி. நடந்தால் ஐந்து நிமிஷம். ஆனால் நான் கம்ப்யூட்டர் படித்தவன், நடப்பேனா?

“உக்காரு வடிவு. இங்கேர்ந்தே சொல்றேன் பாரு,” என்று போனை எடுத்தேன். கம்பி சும்மா இருந்தது.

“தணிகாசலண்ணே! அரக்கு வேணாம்...”

அதே நொடியில் குமாரவேல் அண்ணனும் தொடங்கினார். “தணிகாசலம்! அந்த அரக்கு எப்பப்பா வரும்?”

இரண்டும் கலந்து வாய் கொப்பளிக்கிற சத்தம்தான் வந்தது. இருவரும் சட்டப்படி நிறுத்தினோம். கண்ணை மூடி எண்ணினேன். குமாரவேல் அண்ணனுக்குப் பக்கத்துத் தறியில் யாரோ நெய்துகொண்டிருந்தது போனில் நன்றாகக் கேட்டது. எங்கள் ஊரில் பிறந்தவன் தறிச்சத்தம் காதில் விழுந்தால் அதோடு சேர்த்துத்தான் எண்ணுவான். அவரும் எண்ணினார், நானும் எண்ணினேன். பத்தாவது அடி விழுந்ததும் இருவரும் ஒன்றாக வாயைத் திறந்தோம்.

மறுபடி பத்து. மறுபடி மோதல். இப்படி எத்தனையோ தடவை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் சட்டம் போட்டவனே மீறலாமா? கண்ணைத் திறக்காமல் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை ஐந்து எண்ணியபோது கம்பியில் வேறொரு குரல் தெளிவாகக் கேட்டது.

“மாமா, நான்தான். பட்டறையிலேர்ந்து பேசறேன். பச்சைன்னு சொல்லிட்டேன். நூலை இன்னும் இறக்கல. நீங்க எண்ணிக்கினே இருங்க.”

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி. போனில் குமாரவேல் அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தறியும் நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் வாய் மூடியிருந்த நேரத்தில் அவள் பேசினாள், மோத யாருமில்லை. கட்டுரையில் ஆளுக்கொரு அளவு காத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். நான் திருத்திவிட்டேன்.

கல்யாணத்தன்று மணையில் கிளிப்பச்சையில் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்ட ஒரே ஒரு பொருளுக்காக நான் எழுந்துகூட நிற்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. “நல்லாருக்குது வடிவு,” என்றேன்.

அவள் தலை குனிந்தபடியே கேட்டாள்: “எத்தனை வரைக்கும் எண்ணினீங்க, மாமா?”