இளவரசி துஷாராவின் தியாகம்

இந்திரகுமார் நல்லூர் அரச பரம்பரை. செப்பேடு எங்கே என்று கேட்காதீர்கள், அவருடைய வாய்தான் செப்பேடு. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். ஸ்டோவ்னரில் நாலாம் மாடி வீடுதான் அரண்மனை. எங்கள் முடியைப் பறித்தவன் போர்த்துக்கேயன், வேதக்காரர் எல்லாம் அவனுடைய ஆக்கள் என்று, கூட வேலை செய்கிற கத்தோலிக்கர் நீட்டுகிற நத்தார் கேக்கைக்கூடத் தொடமாட்டார். அந்த வீட்டுப் பிள்ளை துஷாரா போய் விழுந்தது றொபின் என்ற வேதக்காரப் பெடியனிடம். வருடக்கணக்காக வீட்டில் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் தமிழ்ச் சங்கத் தேர்தல் வந்தது. தலைவர் கதிரை என்றால் மனிதருக்கு உயிர். சங்கத்தில் பாதிப் பேர் வேதக்காரர். அவர்கள் சூசைரட்ணம் கைகாட்டும் பக்கம் சாய்கிறவர்கள். சூசைரட்ணத்துக்கோ கலியாண வயதில் ஒரு மகன். அரசருக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? சம்பந்தம் பேசிவிட்டு வந்து, அந்தக் காலத்து இளவரசிகள் நாட்டுக்காக வேற்றுச் சமயத்தில் வாழ்க்கைப்படவில்லையா என்று மகளுக்கு நீண்ட பிரசங்கம் வைத்தார். மாப்பிள்ளையின் பெயர் றொபினாம்.

துஷாராவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் சிரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். காதல் என்று மணம் பிடித்தால் மனிதர் தலைகீழாய் நிற்பார், கலியாணமும் போச்சு. அதனால் அழுதாள். சும்மா அழுகையா அது! சுவாமி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்தி, சோற்றைத் தள்ளிவைத்து, ஒரு கிழமை முழுக்க அழுதாள்.

அதில்தான் காரியம் கெட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இந்திரகுமார் வந்து அவள் பக்கத்தில் இருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சூசைரட்ணத்துக்கு இப்பதான் போன் அடிச்சுச் சொன்னனான், சம்பந்தம் வேண்டாம் எண்டு. என்ரை பிள்ளையை அழவைச்சு எனக்கொரு கதிரை தேவையில்லை."

துஷாராவுக்கு அழுகை சட்டென்று நின்றது. இந்த அப்பாவையா ஏமாற்றினேன் என்று வெட்கமாகவும் இருந்தது. எனக்கு அவரைத்தான் விருப்பம் என்று சொல்லிப் பார்த்தாள். மனிதர் நம்பினால்தானே? அப்பாவுக்காகப் பிள்ளை பொய் சொல்கிறது என்று இன்னும் விம்மினார். அவள் பிள்ளையார் படத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள். இப்படியொரு தியாகமா என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வேறு வழி தெரியவில்லை. போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, றொபினை அழைத்தாள். சம்பந்தம் முறிந்த செய்தி அவனுக்கு இன்னும் எட்டவில்லை.

"ஷேரெஸ்தே, இண்டைக்கும் வடிவா அழுதனீரோ? கிழவன் இன்னும் நம்புதோ?"

நாள் முழுக்க ஒஸ்லோ பெடியன் பெட்டைகளை ஏற்றி இறக்குகிற மனிதருக்கு, காதலியைத்தான் நோர்வே மொழியில் 'ஷேரெஸ்தே' என்று கூப்பிடுவார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துஷாரா தலையைக் குனிந்துகொண்டாள். இந்திரகுமார் கண்ணைத் துடைத்தார். மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனை வாங்கினார்.

"தம்பி, கிழவன்தான் கதைக்கிறன். கொப்பர் சூசைரட்ணத்திட்டைச் சொல்லும், சம்பந்தம் திரும்பவும் சரி எண்டு. வோட்டும் சரிதானோ எண்டு கேட்டுச் சொல்லும்."