அந்தப் புகைக்குத் தெரியும்

கண்ணாடிக்காரர் தன் மனைவியைத் துன்புறுத்துவது யாருக்கும் தெரியாது. கையை ஓங்குகிற ஆளாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் ஓங்குவதில்லை. அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடையில், கண்ணாடிச் சட்டத்தை இளக்கி வளைப்பதற்காகச் சூடான காற்றை ஊதும் ஒரு சின்ன இயந்திரம் உண்டு. பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மேசைக்குப் பக்கத்தில் அது இருந்தது. முன்கடையில் நின்று வியாபாரம் பார்க்கும் அவள், வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகச் சிரித்துப் பேசிவிட்டாலோ, அவர் சொன்ன விலைக்கு மேலோ கீழோ சொல்லிவிட்டாலோ, கடை காலியான பிறகு, "கொஞ்சம் உள்ள வா" என்பார். அவள் கையைத் திருப்பி, முழங்கைக்குக் கீழே உள்பக்கத் தோலை அந்த இயந்திரத்தின் வாய்க்கு நேராகப் பிடிப்பார். முகத்தில் கோபமே இருக்காது.

"இப்ப ஏன்னு புரியுதா?" என்று கேட்பார்.

புரியுது என்று அவள் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருப்பார்.

தழும்பைப் பார்த்துக் கேட்டவர்களிடம், சட்டம் வளைக்கும்போது பட்டுவிட்டது என்று சொல்லிவந்தாள். கடை வேலை என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவளுடைய அண்ணனும் விட்டுவிட்டான். அவன் ஒரு பெரிய இறைச்சிக் கடையின் குளிரறையில் வெட்டுகிறவன். அவன் கையிலேயே தழும்புக்குப் பஞ்சமில்லை.

ஊருக்குள் கண்ணாடிக்காரருக்கு வேறு பெயர். மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியக் காட்சி முடிந்ததும், தியேட்டரின் மாடிக் கூடத்தில் நாற்காலிகளை இரண்டு மூன்று வட்ட வரிசைகளாகப் போட்டுப் பார்த்த படத்தைப் பற்றி ஒரு கூட்டம் பேசும். அதை நடத்துகிறவர் அவர்தான். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே படத்துக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே பேசுவார். மற்றவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு காட்சியை எடுத்துக் காட்டி, குரல் தழுதழுக்க அவர் விளக்கும்போது கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். அவள் அந்தக் கூட்டத்தில் தேநீர் கொடுப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் வந்தான். அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் தனியாக இருக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

"வேற கிரகத்துப் படமாமே மாப்ள, சண்டை எல்லாம் இருக்குமா?" என்று கேட்டான்.

"இது யோசிக்க வெக்கிற படம் மச்சான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"அப்ப எனக்கு ஓரத்து சீட்டு குடுங்க. குறட்டை விட்டா யாருக்கும் தொந்தரவு இருக்காது."

ஆனால் அவன் தூங்கவில்லை. படத்தில் ஓர் ஆராய்ச்சிக்காரி ஆள் அரவமற்ற ஒரு கிரகத்துக்குத் தனியாகப் போகிறாள். தகரப் பெட்டி போன்ற ஒரு கூடாரம்தான் அவளுக்கு வீடு. விடிந்ததும் வெளியே ஒரு புகை வந்து நிற்கும். அது அவள் கையைத் தொட்டதும் தோல் கருகிவிடுகிறது. அவள் கத்துகிற கத்தலில் அரங்கமே ஒரு முறை திடுக்கிட்டது. புகை சட்டென்று விலகுகிறது. பிறகு திரும்பி வந்து அதே இடத்தைத் தொடுகிறது. பல வருடங்கள் இப்படியே போகின்றன. கடைசியில்தான் அவளுக்குப் பிடிபடுகிறது, உடம்பில் இருக்கும் காயங்கள் வெறும் காயங்கள் அல்ல, எழுத்துகள் என்று. புகை அவள் மேல் எழுதிப் பேசிக்கொண்டிருக்கிறது. அவளை அழைத்துப்போக வரவேண்டிய கப்பல் வரவில்லை. ஒருநாள் அவள் கவசத்தைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து, வெறும் கையைப் புகைக்குள் நீட்டிச் சிரிக்கிறாள். அத்தோடு படம் முடிந்தது.

இருட்டில் கண்ணாடிக்காரர் அழுதுகொண்டிருந்தார். மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். விளக்கு போட்டதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

மாடிக் கூடத்தில் அன்று நல்ல கூட்டம். நடுவில் நின்று கண்ணாடிக்காரர் பேசினார்.

"அந்தப் புகைக்குக் கை இல்ல, வாய் இல்ல. அவள நெருங்கறதுக்கு அதுக்கு இருந்த ஒரே வழி அதுதான். நாம அத கொடுமைன்னு நெனச்சோம். அவளும் அப்படித்தான் நெனச்சா. அது அன்பு. நமக்குத் தெரியாத மொழியில வந்த அன்பு. வலிக்குதேன்னு ஓடறவங்களுக்கு அது புரியவே புரியாது. அவ கடைசியில ஓடல. அதனாலதான் சிரிக்கிறா."

முன்வரிசையில் இருந்த கல்லூரி ஆசிரியை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வேற யாராவது?" என்று கண்ணாடிக்காரர் வழக்கம்போலக் கேட்டார். அவர் பேசி முடித்த பிறகு வேறு யாரும் பேசுவதில்லை.

அவள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். பேச வேண்டும் என்று நினைத்து வைக்கவில்லை. கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டதால் வைத்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்குத் தெரியும்" என்றாள்.

"என்னம்மா?" என்றார் ஆசிரியை.

"வலிக்கும்னு அந்தப் புகைக்குத் தெரியும். முதல் தடவை அவ கத்தினதும் பயந்து பின்னால போச்சு, பாத்தீங்கல்ல? கத்தல்னா என்னன்னு தெரியாட்டி ஏன் பின்னால போகணும்? தெரிஞ்சுதான் திரும்ப வந்துச்சு. சுட்ட எடத்துலயே சுட்டுச்சு. எழுதத் தெரிஞ்சதுக்கு மண்ணுல எழுதத் தெரியாதா? அங்க எவ்வளவு மண்ணு கெடந்துச்சு!"

யாரோ சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்படின்னா கடைசியில அவ ஏன் சிரிக்கிறா?" என்று கேட்டார்.

"கப்பல் வரல, வேற போக்கிடம் இல்ல, அதான் கைய நீட்டறா. சிரிக்கலேன்னா இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சிருக்கும்."

அப்புறம் ஆசிரியை கைதட்டினார்; தொடர்ந்து எல்லோரும் தட்டினார்கள். கண்ணாடிக்காரரும் தட்டினார். "என் வீட்டுக்காரி இவ்வளவு யோசிப்பான்னு எனக்கே தெரியாதுங்க" என்று சொல்லிச் சிரிப்பை வாங்கினார். அண்ணன் மட்டும் தட்டவில்லை. தங்கையின் முழுக்கைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் கொளுத்துகிற மாதத்திலும் இவள் ஏன் எப்போதும் முழுக்கை போட்டுக்கொள்கிறாள் என்று அவன் அன்றைக்குத்தான் யோசித்தான்.

கூட்டம் கலைந்தது. தெரிந்த ஒருவர் பிடித்துக்கொண்டதால் அண்ணன் மாடியில் பின்தங்கினான். கணவனும் மனைவியும் தியேட்டரின் பின்பக்கம் கார் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே வேறு யாரும் இல்லை. டிக்கெட் கிழிக்கிற அம்மா மட்டும் பின்கதவருகே குப்பைக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். இடது கை இன்னும் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது. கண்ணாடிக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். நன்றாகப் பார்த்துவிட்டு, கதவை முழுப் பலத்தோடு சாத்தினார்.

எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அதன் பிறகுதான் வலி வந்தது. அவர் கதவைத் திறந்தார். குனிந்து அவள் முகத்துக்கு நேராக, "இப்ப ஏன்னு புரியுதா?" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் மறுபடியும் சாத்தினார்.

டிக்கெட் கிழிக்கிற அம்மா கூடையைப் போட்டுவிட்டு அலறினாள். அந்த நேரத்தில்தான் அண்ணன் படியிறங்கி வந்தான். தங்கையிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று வேகமாக வந்தவன், கதவின் விளிம்பில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தான்.

கண்ணாடிக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பி மூக்கில் குத்தினான். அவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்து புருவத்தில் குத்தியது. "மச்சான், நில்லுங்க, நான் சொல்றத..." என்று ஆரம்பித்தவரின் வாயில் அடுத்த குத்து விழுந்தது. தலையைப் பிடித்துக் காரின் முன்மூடியில் மோதினான். தகரம் குழிந்தது. கீழே விழுந்தவரின் விலாவில் மிதித்தான். தோளை ஒரு காலால் அழுத்திக்கொண்டு கையை முறுக்கினான். எந்த மூட்டு எந்தப் பக்கம் திருப்பினால் கழன்று வரும் என்பது அவனுக்கு அன்றாட வேலை. கழன்றது. கண்ணாடிக்காரர் கத்திய கத்தலில் தியேட்டருக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஆனால் அண்ணன் கிட்டே போக யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவள் காரிலிருந்து இறங்கி, நசுங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் இரண்டு கைகளாலும் அவர் கழுத்தைப் பிடித்து நெரிப்பதைப் பார்த்தாள்.

"ஏம்மா, நீயாவது சொல்லும்மா! செத்துடப் போறாரும்மா!" என்று டிக்கெட் கிழிக்கிற அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவள் இன்னும் கொஞ்சம் பார்த்தாள். கணவரின் கால்கள் தரையில் தேய்வது மெல்ல மெல்லக் குறைந்தது.

"அண்ணா, போதும்."

சொன்ன மாத்திரத்தில் விட்டுவிட்டான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து, போலீஸ் வரும்வரை அங்கேயே இருந்தான்.

இருவரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். கண்ணாடிக்காரருக்கு மூன்று விலா எலும்பும் தாடையும் போயிருந்தன. தோளை ஏற்றிக் கட்டினார்கள். அவளுக்குச் சுண்டுவிரலில் பாதியை எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்து இரண்டு விரல்களும் இனி மடங்காது என்றார் டாக்டர். கட்டுப் போட வந்த நர்ஸ் அவளுடைய சட்டைக் கையை மேலே சுருட்டினாள். பழைய தழும்புகளையும் புதுத் தழும்புகளையும் பார்த்தவள், வெளியே போய் ஒரு பெண் போலீஸைக் கூட்டிவந்தாள்.

மறுநாள் காலை அண்ணி வந்தாள். வந்த வேகத்தில் கட்டிலில் இருந்தவளின் முதுகில் பளார் பளாரென்று அறைந்தாள்.

"எத்தன வருஷமாடி? வாயத் தொறந்து என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்? இப்ப எம் புருஷன் உள்ள ஒக்காந்திருக்கான், உனக்குச் சந்தோஷமா?"

நர்ஸ் ஓடிவந்து பிடிப்பதற்குள் அண்ணி அழ ஆரம்பித்திருந்தாள். அழுதுகொண்டே, கட்டுப் போட்ட கை நசுங்காதபடி பார்த்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்படியே திட்டவும் செய்தாள்.

வழக்கு நடந்தது. படக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். கண்ணாடிக்காரர் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்றும், படம் பார்த்தே அழுகிறவர் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். கூண்டில் ஏறிய கண்ணாடிக்காரர், கதவைச் சாத்தும்போது கையைக் கவனிக்கவில்லை என்று உடைந்த குரலில் சொன்னார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அடுத்து டிக்கெட் கிழிக்கிற அம்மா ஏறினாள்.

"கவனிக்கலேன்னா ஒரு தடவ சாத்தியிருப்பாருங்க" என்றாள். "இவரு பாத்துட்டுச் சாத்தினாரு. தொறந்து ஏதோ கேட்டாரு. பதில் வரலேன்னதும் இன்னொரு தடவ சாத்தினாரு. நான் அவ்வளவு கிட்டத்துல நின்னேன்."

கண்ணாடிக்காரரின் வக்கீல் அவளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை.

இடைவேளையில் வராந்தாவில் கல்லூரி ஆசிரியை கண்ணாடிக்காரரின் மனைவியிடம் வந்தார். "அன்னைக்கு நீங்க பேசினதும் மொதல்ல கைதட்டினது நான்தான். படத்தப் பத்தித்தான் பேசறீங்கன்னு நெனச்சேன்."

"மனுவுலயும் உங்க கையெழுத்துதான் மொதல்ல இருக்கு" என்றாள் அவள்.

ஆசிரியை திரும்பிப் போனார். அன்று மாலையே மனுவிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. மற்றவர்கள் எடுக்கவில்லை.

கண்ணாடிக்காரருக்கும் தண்டனை கிடைத்தது, அண்ணனுக்கும் கிடைத்தது. அண்ணனுக்குத்தான் அதிகம். அதைக் கேட்டு அண்ணி நீதிமன்றத்துக்குள்ளேயே செருப்பைக் கழற்றப் போனாள். தங்கைதான் அண்ணியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

அவள் அண்ணியின் வீட்டிலேயே தங்கிக்கொண்டு ஒரு திரைச்சீலைக் கடையில் அளவெடுக்கும் வேலைக்குப் போனாள். சிறைக்கு அவர்கள் மாறி மாறிப் போய் வந்தார்கள். அவள் தனியாகப் போன ஒருநாள், கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"சமையக்கட்டுல போட்டிருக்காங்க. ஆனா கத்தியத் தொட விட மாட்டேங்கறாங்க. மாவு பெசையச் சொல்றாங்க" என்றான்.

"உனக்கு மாவு பெசைய வருமா?"

"திங்கறவங்களத்தான் கேக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் அவன அடிக்கும்போது நீ பாத்துக்கிட்டேதான இருந்த?"

"ஆமா."

"ஏன் சீக்கிரம் நிறுத்தச் சொல்லல?"

வலியில் குரல் வரவில்லை என்று சொல்லலாம். அண்ணனின் வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். நீதிமன்றத்தில் அவளும் அப்படித்தான் சொன்னாள்.

"மனசு வரல" என்றாள். "அவரு கத்தறத கேக்கணும்போல இருந்துச்சு."

அண்ணன் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"நீ சொல்லியிருக்காட்டி நான் விட்டிருக்க மாட்டேன்" என்றான்.

"தெரியும். நீ திரும்பி வரணும்னுதான் சொன்னேன். அவருக்காகச் சொல்லல."

காவலர் நேரமாகிவிட்டது என்று மேசையைத் தட்டினார். அண்ணன் எழுந்தான். "உங்க அண்ணி இன்னும் திட்டிக்கிட்டேதான் இருக்காளா?"

"தெனமும். நேத்து சாப்பாட்டத் தட்டுல போட்டுட்டே திட்டினாங்க."

"அப்ப பயப்படாத. திட்டறத நிறுத்தினா சொல்லு" என்றபடி அவன் உள்ளே போனான்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்று, மடங்காத விரல்களோடு சிரமப்பட்டு, சட்டையின் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள்.